இரண்டாவது மின்விசிறி

மார்ச் 3

தம்பிக்கு,

போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீ வாயைத் திறந்தால் நான் கத்துவேன், நான் கத்தினால் நீ வைத்துவிடுவாய். போன முறை நடந்தது அதுதான். மேலும், இந்த அட்டைத் துண்டுகளைப் போனில் அனுப்ப முடியாது. கூரியர் உறைக்குள் இடம் இருந்தது, அதனால் இந்தக் கடிதம். பாசத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

விஷயம் இதுதான். நம் பேக்கிங் ஷெட்டின் மூன்றாவது லைனில் உறைய வைத்த பட்டாணிப் பொட்டலங்களைப் பெட்டியில் அடைத்து, மூடி ஒட்டி, குளிர்கிடங்குக்கு அனுப்புகிறோம் அல்லவா? பெட்டி ஒட்டுவதற்கு நீ வேலை பார்க்கும் கம்பெனியின் சூட்டுப் பசையைத்தான் வாங்குகிறேன். சண்டை வேறு, வியாபாரம் வேறு என்று வாங்கினேன். அதற்குக் கிடைத்த பரிசைக் கேள்.

நேற்று குளிர்கிடங்குக்காரரின் லாரி போன சரக்கோடு அப்படியே திரும்பி வந்து நின்றது. பெட்டிகள் குளிரறைக்குள் போய் ஒரு நாள் கழிந்ததும் ஒவ்வொன்றாக வாயைப் பிளந்திருக்கின்றன. தரையெல்லாம் பொட்டலம். அவருடைய ஆள் ஒருவர் அதில் கால் வைத்து வழுக்கி விழுந்திருக்கிறார். "உங்க பெட்டி தானும் நிக்க மாட்டேங்குது, எங்க ஆளையும் நிக்க விட மாட்டேங்குதும்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் இருபதாம் தேதி ஒரு லோடு சோதனைக்கு எடுத்துக்கொள்வாராம். அதுவும் திறந்துகொண்டால் இந்த வேலை வேறு ஷெட்டுக்குப் போய்விடும். அதோடு மூன்றாவது லைனை மூட வேண்டியதுதான். அந்த லைனில் நிற்கும் பெண்கள் யார் யார் என்று உனக்கே தெரியும். அவர்களிடம் போய் நாளையிலிருந்து வராதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அதை மட்டும் இப்போதே எழுதி வைக்கிறேன்.

திறந்துபோன பெட்டியிலிருந்து வெட்டிய துண்டுகளை இதோடு வைத்திருக்கிறேன். உன் கம்பெனி என்ன பதில் சொல்லப்போகிறது என்று கேட்டுச் சொல்.

அக்கா

பி.கு. அம்மா உன் அறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம்.


மார்ச் 8

அக்காவுக்கு,

கூரியர் வந்தது. உறைக்குள் பாசம் இருக்கிறதா என்று தேடவில்லை, பயப்படாதே. அட்டையை மட்டும்தான் பார்த்தேன்.

எங்கள் பசையைக் குற்றம் சொல்வதற்குமுன் பசை உருக்குகிற டேங்க்கின் சூட்டைப் பார்த்தாயா? தேன் நிறத்தில் இருக்க வேண்டிய பசை டீத்தூள் நிறத்தில் இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன், தீய்ந்த வாடை. எதிர் மேசைக்காரர் "என்ன சார், வீட்டுச் சாப்பாடா?" என்று கேட்டார்.

சூட்டுப் பசையில் தண்ணீர் கிடையாது. அதனால் அதில் காய்வதற்கு ஒன்றும் இல்லை. சூட்டில் உருகும், ஆறினால் இறுகும், அதன் பிழைப்பே அவ்வளவுதான். அதனால் சூடு கூடினால் பிடிப்பும் கூடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கூடாது. டேங்குக்குள்ளேயே பசை வெந்து, தண்ணியாகி, வலு போய், கடைசியில் கருகும். அந்தக் கரி போய் நாசிலை அடைக்கும். பசை சிந்தும் மூக்கே அடைத்துக்கொண்டால் பெட்டியில் எங்கே விழும்? யாரோ சூட்டுக் குமிழைத் திருகியிருக்கிறார்கள். நீயா, மெக்கானிக்கா என்று கேட்கமாட்டேன். நீதான்.

டேங்க்கைக் காலி செய்து சுத்தம் பண்ணச் சொல். பசை மூட்டையின்மேல் அச்சடித்திருக்கும் சூட்டுக்கு இறக்கு. மூடியைத் திறந்துபோடாதே. அட்டைத் தூசி உள்ளே விழுந்தால் அதுவும் கரிதான். இதைச் செய்தாலே சரியாகிவிடும்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், கை கேட்கவில்லை. நான் கிளம்பிய அன்று, "போறதுன்னா போ, இனிமே இந்த வாசல் பக்கம் வராதே" என்றாய். வந்து பார்த்திருந்தால் இது அரைநாள் வேலை. இப்போது ஊர் தாண்டி உட்கார்ந்துகொண்டு அட்டையை முகர்ந்துகொண்டிருக்கிறேன்.

தம்பி

பி.கு. என் அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று நான் அங்கே இருந்தபோது ஒருவரும் சொல்லவில்லையே.


மார்ச் 13

தம்பிக்கு,

டேங்க்கைச் சுத்தம் பண்ணியாயிற்று. மெக்கானிக் உள்ளே சுரண்டி எடுத்த கரியைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை வச்சு ஒரு வேளை அடுப்பு எரிக்கலாம்" என்றார். சூட்டையும் இறக்கினேன். நீ சொன்னபடி எல்லாம் செய்தேன், எழுத்துப் பிசகாமல்.

இப்போது முன்பைவிட மோசம்.

அப்போதாவது குளிரறைக்குப் போன பிறகு திறந்தது. இப்போது சில பெட்டிகள் லைனை விட்டு இறங்கும்போதே திறக்கின்றன. குளிர்கிடங்குக்காரரின் மேனேஜர் வந்து நின்று இதை எல்லாம் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார். அவர் கையால் ஒரு பெட்டியைத் தட்டினார். அது மரியாதையாகத் திறந்து வழிவிட்டது. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இதையும் கேட்டுக்கொள். சூட்டை ஏற்றியதால் ஒட்டவில்லை என்கிறாய். ஒட்டாததால்தானே நான் சூட்டை ஏற்றினேன்! அதற்கு முன்பே அது திறக்க ஆரம்பித்துவிட்டது. அது ஏன் என்று நீ ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அட்டையைப் பார்த்ததும் குற்றவாளி அக்காதான் என்று தீர்ப்பு எழுதிவிட்டாய். நீ மாறவே இல்லை.

இன்னொன்று. எனக்கு இது இப்போதுதான் கண்ணில் பட்டது. திறப்பதெல்லாம் இடதுபக்க மடிப்புதான். வலதுபக்கம் கல் மாதிரி நிற்கிறது. ஒரே டேங்க், ஒரே பசை, ஒரே சூடு. வலது நல்ல பிள்ளை, இடது மட்டும் தறுதலையா? இரண்டு பக்கத்திலிருந்தும் துண்டு வெட்டி, எது எது என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். இந்த முறை முகர்வதோடு நிறுத்தாமல் கொஞ்சம் பார்.

அக்கா


மார்ச் 18

அக்கா,

நீ சொன்னது சரி. ஒட்டாமல் போனது ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

துண்டுகளை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வலதுபக்கத் துண்டைப் பிரித்தால் அட்டையே நாரோடு கிழிந்து வருகிறது. அதுதான் நல்ல ஒட்டு. பசை விடாது, அட்டைதான் கிழியும். இடதுபக்கத் துண்டு அப்படி இல்லை. பசை கீழ் அட்டையில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல்முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. மேல் மடிப்பில் ஒரு நார்கூடக் கிழியவில்லை.

அதற்கு அர்த்தம் என்ன தெரியுமா? மேல் மடிப்பு வந்து மூடியபோது பசை ஏற்கெனவே ஆறிவிட்டது. நாசிலிலிருந்து விழுந்த நொடியிலிருந்து பசைக்கு ஒரு கெடு ஓட ஆரம்பிக்கிறது. அந்தக் கெடுவுக்குள் மேல் அட்டை வந்து அமுங்கினால் பிடித்துக்கொள்ளும். தாண்டினால் மேலே ஆடை கட்டிவிடும். அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் வேலைக்காகாது. நீ சூட்டை ஏற்றியபோது அந்தக் கெடு கொஞ்சம் நீண்டது, அதனால்தான் அரைகுறையாகவாவது நின்றது. நான் இறக்கச் சொன்னதும் அதுவும் போயிற்று.

ஒரே பசைக்கு வலதுபக்கம் கெடு போதுகிறது, இடதுபக்கம் போதவில்லை. அப்படியானால் இடதுபக்கத்தில் பசையை ஏதோ ஒன்று சீக்கிரம் குளிர வைக்கிறது.

அக்கா, இடதுபக்கம் என்ன இருக்கிறது? நான் இருந்தபோது அங்கே வெறும் சுவர்தான் இருந்தது. கதவு வைத்திருக்கிறாயா? ஜன்னல் உடைத்திருக்கிறாயா? எங்கிருந்தோ காற்று வருகிறது.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

உன் கடிதத்தை லைன் பக்கத்தில் நின்றுகொண்டே படித்தேன். "எங்கிருந்தோ காற்று வருகிறது" என்ற இடத்தில் கையிலிருந்த தாள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

மின்விசிறி. இடதுபக்கச் சுவரில், ஆளுயர மின்விசிறி. நான்தான் மாட்டினேன்.

நீ எதுவும் சொல்வதற்குமுன் அது ஏன் அங்கே வந்தது என்று கேள். எழுதக்கூடாது என்று இருந்தேன், உன்னிடம் சொன்னால் "நான் அப்பவே சொன்னேனே" என்பாய். சொல்லிக்கொள், பரவாயில்லை.

ராகம் என்று நாம் பட்டப்பேர் வைத்தவளை உனக்குத் தெரியும். லைன் ஓடும்போதெல்லாம் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாளே, அவள்தான். டேங்குக்குப் பக்கத்தில் நின்று பெட்டியை விரித்து லைனில் விடுவது அவள் வேலை. தகரக் கூரை, மத்தியான வெயில், பக்கத்தில் கொதிக்கிற டேங்க். பிப்ரவரியில் ஒரு நாள் அவள் முணுமுணுப்பு நின்றுபோயிற்று. என்னடா சத்தமே இல்லை என்று திரும்பினேன். அவள் அப்படியே சரிந்துகொண்டிருந்தாள். விழும்போது கை நாசிலுக்குக் கீழே போய்விட்டது.

சூட்டுப் பசை பட்டால் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது சுடுவதோடு விடாது, ஒட்டிக்கொண்டும் சுடும். பக்கத்தில் இருந்தவள் பதறிப்போய் அதைப் பிடுங்கப் போனாள். மெக்கானிக்தான், "இழுக்காதே, தோலோட வந்துடும், தண்ணியில வை!" என்று கத்தினார். அது நீ எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப்போன தாளில் இருந்த வரி. அதனால்தான் அவள் கை பிழைத்தது. முழங்கைக்குக் கீழே தழும்பு இருக்கிறது, அவ்வளவுதான். இதை உன்னிடம் சொல்லாமலே இருந்தது தப்பு. சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலமே மின்விசிறி வாங்கி மாட்டினேன். அதற்குப் பிறகு லைனில் ஒருத்தியும் மயங்கி விழவில்லை. பெட்டிதான் விழுகிறது என்று இப்போது தெரிகிறது.

நீ என்ன எழுதப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். அதற்கு என் பதிலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நிறுத்தமாட்டேன்.

அக்கா


மார்ச் 26

அக்கா,

ராகத்தின் கையை நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லத்தான் போகிறேன். நான் கிளம்பிய அன்றே, பெட்டியை விரித்துவிட ஒரு மெஷின் வாங்கலாம் என்றேன். ஆள்களைத் துரத்தப் பார்க்கிறாய் என்று எகிறினாய். யாரையும் துரத்தச் சொல்லவில்லை அக்கா. அந்த டேங்க் பக்கத்திலிருந்து நகர்த்தத்தான் சொன்னேன். நீ பாதியைக் கேட்டுவிட்டு மீதியை நீயே பேசிக்கொண்டாய்.

அது போகட்டும். இப்போது ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. சோதனை லோடு ஓடும் அன்று ஒரு நாள் மட்டும் மின்விசிறியை நிறுத்து. ராகத்துக்கு அன்று லீவு கொடு, வேறு யாராவது மாற்றி மாற்றி நிற்கட்டும். பெட்டி நிற்கும், வேலை உன் கையை விட்டுப் போகாது. மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

இருபதாம் தேதி நிற்கிற பெட்டி இருபத்தொன்றாம் தேதி திறக்கும். அதை யார் தலையில் கட்டுவது? எனக்கு ஒரு நாள் பிழைப்பு வேண்டாம்.

மின்விசிறி நிற்காது. அதை வைத்துக்கொண்டே பெட்டி நிற்க வேண்டும். நாசிலைச் சுற்றித் தகரத் தடுப்பு வைத்துப் பார்த்தோம். சின்னதாக வைத்தால் காற்று அடியில் புகுந்து சுழல்கிறது. பெரிதாக வைத்தால் ராகத்துக்குப் போகிற காற்றும் நின்றுவிடுகிறது. சின்னதே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன், திறக்கிற பெட்டி கொஞ்சம் குறைந்திருக்கிறது. இது போதாது.

நீ பசை படித்தவன்தானே? வேறு வழி சொல்.

அக்கா

பி.கு. மெஷின் விஷயத்தில் நான் மீதியைக் கேட்கவில்லை என்பது உண்மைதான். அன்று எனக்கு நீ போகிறாய் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.


ஏப்ரல் 3

அக்கா,

உன் பி.கு.வை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லமாட்டேன்.

வழி இருக்கிறது. ஆனால் இந்த வழியில் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும். மெதுவாக ஆறுகிற பசை ஒன்று எங்களிடம் இருக்கிறது. விழுந்த பிறகும் அதன் கெடு நீண்டுகொண்டே போகும், உன் மின்விசிறிக் காற்றைத் தாங்கும், குளிரறையையும் தாங்கும். இரண்டு மூட்டை லாரியில் ஏற்றிவிட்டேன். நாசிலை ஒரு அளவு பெரியதாக மாற்றச் சொல். பசை மெல்லிய கோடாக விழுந்தால் சீக்கிரம் ஆறும், தடித்த கோடு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆற நேரம் எடுக்கும் பசை இறுகவும் நேரம் எடுக்கும். மூடியதும் மடிப்பு பழைய நினைப்பில் மேலே எழும்பப் பார்க்கும். பசை இறுகும்வரை அதை அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்போது உன் லைனில் இருக்கும் அழுத்துப் பெல்ட் குட்டை. பெட்டி அதைத் தாண்டி வெளியே வரும்போது பசை இன்னும் கூழாகத்தான் இருக்கும். அந்தப் பெல்ட் நீளமாக வேண்டும். முதல் லைன் ஓடாமல் கிடக்கிறதே, அதன் பெல்ட் சேருமா என்று மெக்கானிக்கைக் கேள்.

இன்னொரு விஷயம். என் மேலதிகாரி இந்தப் புகாருக்கு அறிக்கை கேட்டார். "லைனில் மின்விசிறி வைத்தது வாடிக்கையாளர் தவறு என்று ஒரு வரி எழுதி மூடிவிடு" என்றார். அந்த வரி குளிர்கிடங்குக்காரர் கைக்குப் போனால் அவர் முதலில் மின்விசிறியைக் கழற்றச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். "வெயிலும் காற்றும் இருக்கிற ஷெட்டுக்கு, அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்காமலே வேகமாக ஆறும் பசையைக் கொடுத்தோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் முகம் கருகின பசை மாதிரி ஆகிவிட்டது. பரவாயில்லை. நீ பிடிவாதம் பிடிக்கிறாய் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன், அது குடும்பச் சொத்து போலிருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

மூட்டை வந்து சேர்ந்தது. மெக்கானிக் முதல் லைனின் பெல்ட்டைக் கழற்றி மூன்றாவதோடு கோத்துவிட்டார். இரண்டு நாள் ஒருவரோடும் பேசவில்லை, ஸ்பானரோடுதான் பேசினார். முடிந்ததும், "அக்கா, ரெண்டும் வேற வேற குடும்பம், ஆனா இனிமே ஒத்துப் போயிடும்" என்றார்.

இப்போது இடதுபக்க மடிப்பும் ஒட்டுகிறது. பிரித்துப் பார்த்தேன், நார் கிழிகிறது. ராகம் அதைப் பார்த்துவிட்டுச் சத்தமாகவே பாடினாள். நான் அதட்டவில்லை.

ஆனால் மத்தியானம் வேறு கதை. கூரை காய்ந்து ஷெட்டே வேகும்போது பசை ஆறவே மாட்டேன் என்கிறது. நீள பெல்ட்டைத் தாண்டியும் சில பெட்டிகள் மெல்ல மெல்லக் கொட்டாவி விடுகின்றன. லைனை மெதுவாக ஓட்டினால் சரியாகிறது, ஆனால் அப்படி ஓட்டினால் குளிர்கிடங்குக்காரர் கேட்கிற அளவு சரக்கு போகாது. பெல்ட்டை இன்னும் நீட்டலாம் என்றால் எதிரே சுவர்.

காலையிலிருந்து உன் பழைய கடிதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். காற்று பட்டால் பசை சீக்கிரம் ஆறும் என்று எழுதியிருக்கிறாய். மூடுவதற்கு முன்னால் ஆறினால் கெடுதல். சரி. மூடிய பிறகு?

உனக்கு இது சிரிப்பாக இருக்கலாம். சிரித்துவிட்டுப் பதில் எழுது. உன் பதில் வருவதற்குள் நான் கடைக்குப் போய்விட்டு வந்துவிடுவேன். நீ ஒரு மின்விசிறியை நிறுத்தச் சொன்னாய். நான் இரண்டாவது வாங்கப் போகிறேன்.

அக்கா


ஏப்ரல் 13

அக்கா,

சிரிக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். எதிர் மேசைக்காரர் பயந்துபோனார்.

வாங்கு. இரண்டாவதை அழுத்துப் பெல்ட்டின் கடைசிப் பாதியில் மாட்டு. முதல் பாதியில் வேண்டாம், பசை இரண்டு பக்க அட்டையிலும் ஊறிப் பிடிக்கக் கொஞ்சம் அவகாசம் கொடு. காற்று அட்டையின் வெளியேதான் படும், உள்ளே இருக்கும் பசையை நேராகத் தொடாது. அதனால் மந்திரம் மாதிரி எல்லாம் நடக்காது. ஆனால் உனக்குத் தேவைப்படுவதும் ஒரு சொட்டு நேரம்தான். இங்கே ஒரு சின்னப் பெல்ட்டில் வைத்து ஓட்டிப் பார்த்தேன், அந்தச் சொட்டு கிடைக்கிறது.

அந்தக் கோடியில் நின்று பெட்டி அடுக்குகிறவர்களுக்கும் காற்று கிடைக்கும். அதற்காகத்தான் வாங்குகிறாய் என்று எனக்குத் தெரியும், பசை உனக்கு ஒரு சாக்கு.

இருபதாம் தேதி நான் அங்கே நிற்க வேண்டும் போல் இருக்கிறது. அதை மட்டும் எழுதுகிறேன், வேறொன்றும் கேட்கவில்லை.

தம்பி


ஏப்ரல் 24

டேய் பசையாண்டி,

இந்த உறையைப் பிரிக்க நீ முதலில் விரலால் முயன்றிருப்பாய், பிறகு நகத்தால், அப்புறம் கத்தி தேடியிருப்பாய். கடைசியில் உறை தாறுமாறாகக் கிழிந்துதான் கடிதம் உன் கைக்கு வந்திருக்கும். நம் லைனின் நாசிலுக்குக் கீழே காட்டி, மூடி, பெல்ட்டுக்குள் விட்டு எடுத்த உறை அது. அதுதான் ரிசல்ட். இனி நான் எழுதப்போவதெல்லாம் கதை.

இருபதாம் தேதி வெயில் கொளுத்தியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, காய்கிற நாளிலேயே நடக்கட்டும் என்று. மேனேஜர் வந்தார். இரண்டு மின்விசிறிகளையும் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஷெட்டுக்கு இவ்வளவு காத்தா?" என்றார். "ஒண்ணு ஆளுக்கு, ஒண்ணு பெட்டிக்கு" என்றேன். லோடு முழுவதும் ஓடி முடியும்வரை ராகம் அவள் இடத்திலேயே நின்றாள். லீவு தருகிறேன் என்றதற்கு, "என் கை பட்ட இடம், நான் இல்லாம எப்படி?" என்றாள்.

குளிரறையில் மூன்று நாள் வைத்தார்கள். நேற்று என்னைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் ஒரு பெட்டியை எடுத்து முன்பு தட்டிய மாதிரியே தட்டினார். நின்றது. ஓங்கித் தட்டினார். நின்றது. கோபம் வந்துவிட்டது போலிருக்கிறது, இரண்டு கையாலும் மடிப்பைப் பிடித்து இழுத்தார். அட்டை கிழிந்தது, ஒட்டு விடவில்லை. அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. குளிரில் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

மூன்றாவது லைன் ஓடுகிறது. மழைக்காலம் வரும்போது பசை வேறு மாதிரி அடம் பிடிக்கும் என்று மெக்கானிக் சொல்கிறார். அப்போது பார்த்துக்கொள்ளலாம். பெட்டி விரிக்கிற மெஷினைப் பற்றி நீ சொன்ன மீதியையும் கேட்க வேண்டும். ராகத்தை டேங்க்கிலிருந்து நகர்த்தி எங்கே நிறுத்துவது என்று நீ யோசித்திருப்பாய், நான் கேட்காததால் சொல்லாமல் போனாய்.

அம்மாவிடம் சொல்லித் தையல் மிஷினைக் கூடத்துக்கு நகர்த்தியாயிற்று. முனகிக்கொண்டேதான் நகர்த்தினாள்.

வரும்போது விருந்தாளி மாதிரி வாசலில் நின்று மணி அடித்துக்கொண்டிருக்காதே. நேராக உள்ளே வா.

அக்கா


ஏப்ரல் 29

அக்கா,

விரல், நகம், கத்தி, எல்லாம் நீ சொன்ன வரிசையில்தான் நடந்தது. எதிர் மேசைக்காரரும் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். அலுவலகம் முழுக்கக் கூடிவிட்டது. உறை கிழிந்தபோது என் மேலதிகாரிகூடக் கைதட்டினார், அவருக்கு விஷயம் தெரியாது.

ஒரே ஒரு நஷ்டம். உறையைப் பெல்ட்டுக்குள் விட்டாயே, பசை உள்ளே கொஞ்சம் வழிந்து கடிதத்தின் அடிப்பாகத்தையும் பிடித்துக்கொண்டுவிட்டது. தையல் மிஷின் நகர்ந்ததுவரை படித்தேன். அதற்குக் கீழே "வரும்போது" என்று ஒரே ஒரு சொல் இருக்கிறது. மிச்சம் உறையோடு நாராகப் போய்விட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தும் தேறவில்லை.

என்ன எழுதினாய் என்று போனில் கேட்கலாம். கேட்கவில்லை. எனக்கு அந்த ஒரு சொல் போதும். வெள்ளிக்கிழமை காலை வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. அன்று "வராதே" என்று சொன்னவள் நீ. அதனால் நான் வாசலில் நின்று மணி அடிப்பேன். நீ வந்து, உன் கையால் கதவைத் திறந்து, உன் வாயால் "உள்ளே வாடா" என்று சொல்லும்வரை ஓர் அடி எடுத்து வைக்கமாட்டேன். வெயிலாக இருந்தாலும் நிற்பேன். பிடிவாதத்தில் நான் உனக்குத் தம்பிதான்.

பசையாண்டி